தண்டனை கேட்டு வந்த வீரன்

உங்கள் பாட்டனாரின் பாட்டனாருக்கும் முந்திய காலம் அது. அப்போது கூவிளநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை வெண்கோதை என்ற அரசி ஆண்டுவந்தாள்.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரி மேடிட்டால் உடனே தூர்வாரச் சொல்வாள். வழக்கு என்று வந்தவரை வாசலில் காக்கவைக்க மாட்டாள். மழை பொய்த்த ஆண்டில் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டு, தானும் கேழ்வரகுக் கூழ் குடித்தாள். நல்ல அரசி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

அவளுக்கு ஒரே தம்பி. பெயர் விறலோன். தாய் இறந்தபோது அவன் தவழ்கிற பிள்ளை. அவள்தான் சோறூட்டினாள், நடை பழக்கினாள், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தாள். அவன் வளர்ந்து ஆளானதும் நாட்டின் படைத்தலைவன் ஆக்கினாள்.

கூவிளநாட்டுக்குக் கிழக்கே, கடற்கரையில், கானற்பட்டினம் என்ற சிற்றூர் இருந்தது. அதன் தலைவன் ஒருநாள் உப்பு வண்டிகளை மறித்தான். தூது போனவர்களை அவமதித்து அனுப்பினான். பேச்சு முற்றிப் போர் மூண்டது. விறலோன் படையோடு போனான். இரண்டு மாதம் முற்றுகை நடந்தது. பிறகு ஒரு காலையில் குதிரைவீரன் ஒருவன் வெற்றிச் செய்தி கொண்டுவந்தான்.

ஊர்த்தலைவன் படகேறி ஓடிவிட்டான். பட்டினம் நம் கையில். பகைவரில் ஒரு கூட்டம் உப்புக் கிடங்குக்குள் தாழிட்டுக்கொண்டு கடைசிவரை போரிட்டது. தீப்பற்றி அவர்கள் மாண்டார்கள். ஓலையில் இவ்வளவுதான் இருந்தது. அரசி அதைப் படித்தாள். மாண்டவர்களை நினைத்து ஒரு நொடி மனம் கனத்தது. பிறகு, தம்பிக்குக் காயம் ஏதும் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றதும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

படை திரும்பியது. தோரணம் கட்டினார்கள், முரசு அறைந்தார்கள், தெருவெல்லாம் பூவாக இறைந்து கிடந்தது. வெற்றியைப் பொறிக்க மலையிலிருந்து ஒரு பெரிய கல்லும் வந்து இறங்கியது. அரசவையில் வீரர்களைப் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவர் கையிலும் வெற்றிக் காப்பு பூட்டினார்கள்.

அந்த வரிசையில் கொற்றன் என்று ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். முன்வரிசைக் காலாள். அரசி காப்பை எடுத்து நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"தாயே, இது எனக்கு வேண்டாம். நான் ஒன்று கேட்க வந்தேன். தஞ்சம் புகுந்தவர்களை உள்ளே வைத்துத் தாழிட்டுத் தீவைத்தவனுக்கு இந்த நாட்டில் என்ன தண்டனை?"

அரசிக்கு விளங்கவில்லை. யார் அப்படிச் செய்தது என்று கேட்டாள்.

"நான்தான் தாழ்ப்பாளைப் போட்டேன்," என்றான் கொற்றன்.

அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான். தலைவன் ஓடிய பிறகு பட்டினத்து மக்கள் போரிடவில்லை. துடுப்புகளையும் மீன் ஈட்டிகளையும் கரையில் கொண்டுவந்து குவித்துவிட்டுக் கும்பிட்டு நின்றார்கள். படைத்தலைவர் வாளைத் தொட்டு, உங்கள் உயிருக்கு நான் பொறுப்பு என்று சொன்னார். உப்புக் கிடங்குக்குள் போய் உட்காருங்கள், சோறு வரும் என்றார். அவர்கள் நம்பிப் போனார்கள். பெண்கள் பாய்களைக்கூடக் கையோடு எடுத்துப்போனார்கள். பிறகு கதவைச் சாத்தச் சொல்லி ஆணை வந்தது. நான் சாத்தினேன். பிறகு கூரைக்குத் தீ வைக்கச் சொல்லி ஆணை வந்தது. அதை வேறு சிலர் செய்தார்கள். நான் கதவருகிலேயே நின்றேன், என்றான்.

அரசி தம்பியைப் பார்த்தாள். விறலோன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தலையைச் சாய்த்து, பக்கத்தில் இருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

அந்த நாட்டுக்கு மூன்று அமைச்சர்கள். மூத்தவர் எழுந்தார். போரில் வெயிலும் பட்டினியும் சில வீரர்களின் அறிவைக் கலக்கிவிடும், இவன் சொல்வது எதுவும் நடக்கவில்லை, மருத்துவரிடம் அனுப்பலாம் என்றார். வெண்கோதைக்கு அந்தப் பேச்சு இதமாக இருந்தது. அப்படியே ஆகட்டும் என்றாள்.

ஒரு மாதம் மருந்து குடித்துவிட்டுக் கொற்றன் மறுபடி அவைக்கு வந்தான். அதே கேள்வியைக் கேட்டான். இம்முறை இரண்டாம் அமைச்சர் எழுந்தார். நடந்ததாகவே இருக்கட்டும், செத்தவர்கள் பகைவர்கள்தானே, போர் என்றால் நாலும் நடக்கும், இவன் இளகிய மனத்துக்காரன் என்றார். மேற்கு எல்லையில் ஒரு சிற்றூருக்கு இவனைத் தலைவனாக்கி அனுப்பினால் மனம் ஆறிவிடும் என்றும் சொன்னார். அதுவும் அரசிக்கு இதமாக இருந்தது. அப்படியே ஆகட்டும் என்றாள்.

மேற்கு எல்லைக்குப் போகும் வழியிலேயே திரும்பி, மூன்றாம் முறையும் கொற்றன் அவைக்கு வந்தான். அதே கேள்வி. இப்போது இளைய அமைச்சர் எழுந்தார். அவர் கொற்றனின் முகத்தைப் பார்க்காமலே பேசினார். செய்தது பிழையாகவே இருந்தாலும், இதை வெளியே பேசினால் படையின் ஊக்கம் போய்விடும், பகைவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள், நாட்டின் நன்மைக்காக இவன் வாயை அடைக்கத்தான் வேண்டும் என்றார். படையைப் பழித்த குற்றத்துக்காகக் கொற்றனைச் சிறையில் அடைத்தார்கள். அரசி அதற்கும் தலையசைத்தாள்.

கவனித்தீர்களா? முதலில் நடக்கவில்லை என்றார்கள். பிறகு நடந்தால் என்ன என்றார்கள். பிறகு நடந்ததைச் சொன்னவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள்.

பத்து நாள் கழித்துச் சிறைக்காவலன் அரசியைப் பார்க்க வந்தான். அவனுக்கு ஒரு குழப்பம். எத்தனையோ கைதிகளைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் விடுதலை கேட்பார்கள், இந்தக் கொற்றன் கேட்கவில்லை என்றான். சிறை தனக்குத் தகும் என்கிறான். வாசலில் தொங்கும் ஓலையில் குற்றத்தைத் தவறாக எழுதியிருக்கிறார்களாம். படையைப் பழித்தவன் என்பதை அழித்துவிட்டு, தஞ்சம் புகுந்தவர்களைக் கொன்றவன் என்று எழுதச் சொல்லித் தினமும் கெஞ்சுகிறான். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டான்.

வெண்கோதைக்கு அன்று சோறு இறங்கவில்லை. பொய் சொல்லுகிறவன் தப்பிக்கப் பொய் சொல்வான், பரிசு பெறப் பொய் சொல்வான். தன்னைக் கொலைகாரன் என்று எழுதச் சொல்லிக் கெஞ்சுகிறவன் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

மறுநாள் காலை, நான்கு காவலர்களோடு கானற்பட்டினத்துக்குப் புறப்பட்டாள். மூத்த அமைச்சர் மூச்சிரைக்க ஓடிவந்து தடுத்தார். வழி நெடுகச் சேறு என்றார். அங்கே கொள்ளைநோய் என்றார். படைத்தலைவர் மனம் வருந்துவார் என்றார். அவர் தடுக்கத் தடுக்கத்தான் அவள் இன்னும் விரைந்தாள்.

மூன்று நாள் பயணம். பட்டினத்துக்குள் நுழைந்தபோது அவளை வரவேற்கவும் யாரும் வரவில்லை, எதிர்க்கவும் யாரும் வரவில்லை. கரையில் படகுகள் கவிழ்ந்தபடி வெயிலில் வெடித்துக் கிடந்தன. ஊரில் இருபது பேர்கூடத் தேறவில்லை.

உப்புக் கிடங்கின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் அலரி. ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்ப்பவள். பட்டினம் விழுந்த அன்று எதிரே இருந்த தீவில் ஒருத்திக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள். அதனால் பிழைத்தாள். திரும்பி வந்தபோது அவள் வீட்டில் யாரும் மிச்சமில்லை. கணவன் இல்லை, மகள்கள் இருவரும் இல்லை, மாமியார் இல்லை.

வெண்கோதை கிடங்கைப் பார்த்தாள். சுவர் கல்லால் ஆனது, நின்றிருந்தது. கூரை இல்லை. கனத்த பனங்கதவு பாதி கரிந்து, ஒரு கீலில் தொங்கியது. அவள் கதவின் உட்புறத்தைத் தடவினாள். வழவழவென்று வெறும் பலகை. தாழ்ப்பாளும் இல்லை, தாழ்ப்பாள் இருந்த தடமும் இல்லை. வெளியே வந்து பார்த்தாள். அங்கே இருந்தது. ஒரு முழ நீள இரும்புத் தாழ்ப்பாள், கதவிலிருந்து பிய்ந்து, சுவரில் பதித்த வளையத்துக்குள் இன்னும் சொருகியபடியே.

உள்ளே தாழிட்டுக்கொண்டு போரிட்டார்கள் என்று ஓலையில் படித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இது எப்போதும் வெளியேதான் இருந்ததா என்று கேட்டாள்.

"உப்புக் கிடங்குக்கு உள்ளே யாரம்மா தாழ்ப்பாள் வைப்பார்கள்?" என்றாள் அலரி. "உள்ளே இருக்கிற உப்பா எழுந்துவந்து கதவைச் சாத்தப்போகிறது?"

அரசி சுவரைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் கரியானது.

அவள் யார் என்று அலரிக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. எழுந்து நிற்கவில்லை, கும்பிடவும் இல்லை. உங்கள் ஊரிலிருந்து முன்பே மூன்று பேர் வந்துபோனார்களே என்றாள். படை போன பத்து நாளில் ஒருவர் வந்தார், பார்த்தார், போய்விட்டார். அடுத்தவர் வந்து இதையெல்லாம் யாரிடமும் சொல்லாதே என்றார். மூன்றாவதாக வந்தவர் பல்லக்கில் வந்தார். சிறு வயது அமைச்சராம். அவர் இந்த வாசலில் நின்று அழுதார்.

"அழுதாரா?" என்றாள் அரசி.

"அழுதார். தேம்பித் தேம்பி அழுதார். போய் இரண்டு வண்டி அரிசி அனுப்பிவைத்தார். வேறொன்றும் நடக்கவில்லை."

கேட்டீர்களா! தீ வைத்தது ஒரு நாளில் முடிந்துபோன கொடுமை. அது தெரிந்தும் தோரணம் கட்டி, முரசு அறைந்து, காப்பு பூட்டியது எத்தனை நாள் கொடுமை! வெண்கோதை தலைநகருக்குத் திரும்பினாள். அலரியும் உடன் வந்தாள். அரசி கேட்டுக்கொண்டதால் மட்டும் அல்ல. அந்தப் படைத்தலைவனை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

அவை கூடியது. உங்களுக்குத் தெரியுமா என்று அமைச்சர்களை அரசி கேட்டாள். மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். மூவரில் ஒருவரும் மறுக்கவில்லை.

மூத்தவர்தான் பேசினார். "அரசிக்கும் தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். தெரிந்தும் தெரியாததுபோல் இருக்க விரும்புகிறீர்கள் என்று நினைத்தோம். அதற்குத் துணையாகத்தான் நின்றோம்."

அவருடைய குரலில் கேலி இல்லை. உண்மையாகவே பணிவாகச் சொன்னார். அதுதான் அவளை உலுக்கியது.

விறலோனை அழைத்தார்கள். அவனும் மறுக்கவில்லை. ஓடிய தலைவனைத் தேடி மறுநாள் வடக்கே நகர வேண்டியிருந்தது, அத்தனை பேரைக் காவல் காக்க ஆள் இல்லை, சோறு போட அரிசி இல்லை, விட்டுவிட்டுப் போனால் முதுகில் தாக்குவார்கள் என்று கணித்தேன், என்று எளிதாகச் சொன்னான். வாளைத் தொட்டுச் சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, அப்படிச் சொல்லாவிட்டால் உள்ளே போயிருக்க மாட்டார்களே என்றான். அலரி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

பிறகு இடுப்பிலிருந்து ஓர் ஓலை நறுக்கை எடுத்தான்.

"அக்கா, நீ சொன்னதைத்தான் செய்தேன். இது உன் கையெழுத்துதானே? 'மழைக்காலம் வருகிறது. விரைவில் முடித்து வா. எப்படி முடித்தாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.'"

வெண்கோதை அந்த ஓலையை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். எழுதியது நினைவுக்கு வந்தது. ஒரு காலைப்பொழுது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை உலர்த்திக்கொண்டே எழுதினாள். வெளியே ஏரி வேலைக்காரர்கள் காத்திருந்தார்கள். தம்பி சீக்கிரம் வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர அப்போது அவள் மனத்தில் வேறெதுவும் இல்லை. எழுதி முடித்ததும் மறந்தும் போனாள்.

இத்தனை நாளும் அவள் தம்பியைப் பார்த்துத் திடுக்கிட்டாள், அமைச்சர்களைப் பார்த்துத் திடுக்கிட்டாள். இப்போது திடுக்கிட வேறு யாரும் மிச்சமில்லை, அவளைத் தவிர.

அரசி தலையிலிருந்த முடியைக் கழற்றி அரியணை மேல் வைத்தாள். படியிறங்கி வந்து தம்பியின் பக்கத்தில் நின்றாள். சிறையிலிருந்து கொற்றனையும் கொண்டுவரச் சொன்னாள். அவன் வந்து மறுபக்கம் நின்றான். அறங்கூறும் அவையின் தலைவர் ஆதனார் என்ற முதியவர். இத்தனை நாளும் இந்த வழக்கில் வாயே திறக்காதவர். அவரைப் பார்த்து அரசி கேட்டாள்.

"ஐயா, தாழ்ப்பாள் போட்டவன் இவன். போடச் சொன்னவன் இவன். எப்படி என்று கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான். எங்கள் மூவருக்கும் என்ன தண்டனை?"

ஆதனார் வெகுநேரம் ஏடுகளைப் புரட்டினார். தஞ்சம் புகுந்தவர்களைக் கொல்ல ஆணையிட்டவனுக்கு மரணம் என்றார். ஆணைக்குப் பணிந்து செய்தவனுக்கும் மரணம் என்றார். பணிந்து செய்தவன் தானே முன்வந்து குற்றத்தைச் சொல்லி, இறந்தவர்களின் உறவினர் இரங்கினால் மட்டும் அவனுக்கு உயிர் உண்டு என்றார். கேட்க மாட்டேன் என்று சொன்ன அரசருக்கு எந்த ஏட்டிலும் தண்டனை எழுதப்படவில்லை என்றார்.

"அப்படியானால் இப்போது எழுதுங்கள்," என்றாள் வெண்கோதை.

முதலில் அலரியைக் கேட்டார்கள். அவள் கொற்றன் முன் வந்து நின்றாள். இவனை மன்னிக்க என்னால் முடியாது, ஆனால் கேட்காமலே உண்மையைச் சொன்னவன் இவன் ஒருவன்தான், இவனும் செத்துப்போனால் அதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள், இருக்கட்டும் என்றாள். எங்கள் ஊர்ப்பக்கம் மட்டும் வரக்கூடாது என்றாள். இந்த நாட்டுப் படையில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனிடமும், தான் செய்ததை இவன் தன் வாயால் சொல்ல வேண்டும். ஒன்றும் விடாமல், பாய் எடுத்துப்போனதுகூட விடாமல். அதுவே அவள் கேட்டது. கொற்றன் தரையில் விழுந்து கும்பிட்டான். சாவு இதைவிட எளிது என்று பிறகு பலரிடம் சொன்னான். ஆனாலும் உயிர் போகும்வரை ஓர் ஆண்டும் தவறாமல் அதைச் செய்தான்.

விறலோனுக்காக அலரி எதுவும் சொல்லவில்லை. வெண்கோதையும் சொல்லவில்லை. அவனுக்குத் தண்டனை நிறைவேறிய நாள் அக்காள் உடன் நடந்து போனாள். அவனுக்குக் கடைசிவரை கோபமே வரவில்லை, வியப்புதான். வென்றுவிட்டுத்தானே வந்தேன் அக்கா, பிறகு ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். புரியாமலே போய்ச் சேர்ந்தான். அவனுக்குப் புரியாமல் போனதற்கும் தானே காரணம் என்பதை நினைத்து, வெண்கோதை வழியெல்லாம் வாய்விட்டு அழுதாள்.

மூன்று அமைச்சர்களையும் பதவியிலிருந்து நீக்கினார்கள். இளையவர் மட்டும், நான் அழுதேனே, அரிசி அனுப்பினேனே என்று சொல்லிப் பார்த்தார்.

ஆதனார் புதிய சட்டத்தை எழுதினார். வெண்கோதைக்கு அரியணை இல்லை. படைக்கு ஆணையிடும் உரிமை அவளுக்கு இனி ஒருநாளும் இல்லை. அவளுக்குப் பின் யார் அரசேறினாலும், போருக்கு அனுப்பிய படை திரும்பியதும், வென்றீர்களா என்று கேட்பதற்கு முன்னால், தஞ்சம் புகுந்தவர்கள் எங்கே என்று கேட்க வேண்டும். வெண்கோதை அந்த ஏட்டின் கீழ் முதல் ஆளாகக் கையெழுத்திட்டாள்.

உனக்கு நிறைவுதானா அம்மா என்று ஆதனார் அலரியைக் கேட்டார். என் வீட்டில் யாரும் திரும்பி வரவில்லையே ஐயா என்று சொல்லிவிட்டு, அவள் கிழக்கு நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

கதையைக் கேட்டவர்களே, இதை மனத்தில் வையுங்கள்: தன் படை செய்த கொடுமையைக் கேட்க மறுக்கிற ஆட்சியாளர், அந்தக் கொடுமையைத் தம் கையாலேயே செய்தவர் ஆவார்.